அறிவு மட்டும் போதுமா?

கல்லூரிப் பரிசளிப்பு விழாக்களில் நீங்கள் அடிக்கடி கேட்டிருக்கக்கூடிய கதை ஒன்று உண்டு. கும்பகோணத்து ஏழை இளைஞன் ஒருவன், கடதாசி வாங்கக் காசில்லாமல் கற்பலகையிலே கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து அழித்து எழுதி, ஈற்றில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையையே வியக்க வைத்தான் என்பது அக்கதை. அந்த இளைஞன்தான் கணித மேதை இராமானுசன். கதையைச் சொல்லி முடித்ததும் பிரதம விருந்தினர் மாணவரை நோக்கி, “நூல்நிலையம் இல்லை, ஆய்வுகூடம் இல்லை என்று சாட்டுச் சொல்லாதீர்கள். அறிவும் முயற்சியும் இருந்தால் எங்கிருந்தும் உயரலாம்” என்பார். நாமும் கைதட்டுவோம்.

அன்பார்ந்த வாசகரே, கைதட்டு ஓய்ந்தபின் சற்று இருந்து சிந்திப்போம். அக்கூற்று மெய்யானால், பெற்றோர், பாடசாலை முகாமையாளர், மாநகர சபையார், அரசினர் ஆகிய எவருக்கும் இவ்விடயத்திலே கடமை எதுவுமில்லை என்றாகிவிடும். மேதை எப்படியும் முளைப்பான், முளைக்காதவன் மேதையல்லன், கணக்குத் தீர்ந்தது. அக்கூற்று பொய்யானால், பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டியதை நாம் கொடாமல் விட்டுவிட்டு, அந்தக் குறையையும் அவர்கள் தலையிலேயே கட்டிவிடுகிறோம். ஆகவே இது கல்வியைப் பற்றிய கேள்வி மாத்திரமன்று. நீதியைப் பற்றிய கேள்வியுமாகும்.

குயவனும் சக்கரமும்

குடம் ஒன்று உண்டாவதற்கு மூன்று காரணங்கள் வேண்டும் என்று எங்கள் ஊர்ச் சைவப் பெரியோர் சிறுவர்க்கும் விளங்கச் சொல்வார்கள். மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். சக்கரம் தானாகக் குடம் செய்யாது. ஆனால் சக்கரம் இல்லாத குயவனின் கைத்திறன் கையிலேயே கிடக்கும்.

மேனாட்டு மெய்யியலாரும் இதற்கு இணையான உவமை ஒன்றைக் கையாள்வர். அறைக்குள் வெளிச்சம் தருவது சூரியன்; யன்னல் அன்று. ஆயினும் யன்னல் பூட்டிக் கிடந்தால், வெளியே சூரியன் எவ்வளவு காய்ந்தாலும் அறை இருட்டுத்தான். யன்னல் வெளிச்சத்தின் காரணம் அன்று. அது இல்லாமல் முடியாத நிபந்தனை. குருமடங்களில் மெய்யியல் பயில்வோர் முதலாம் ஆண்டிலேயே கற்கும் பாடம் இது.

இதிலே இரண்டு பிழைகள் நேரலாம். யன்னலே வெளிச்சம் தருகிறது என்று எண்ணுவது ஒன்று. கட்டடத்தைக் கட்டி, இயந்திரத்தை வாங்கி, கல்வெட்டைத் திறந்து வைத்தால் விஞ்ஞானம் தானே வந்துவிடும் என்பவர் இந்தப் பிழையைச் செய்கிறார். சூரியன் இருக்கிறது, யன்னல் எதற்கு என்று கேட்பது மற்றது. பரிசளிப்பு விழாவிலே நாம் கைதட்டுவது இதற்குத்தான்.

ஆராய்ச்சிக்கு வேண்டிய துணைக்காரணங்கள் எவை? கணிதத்துக்கு நல்ல நூல்களும் சஞ்சிகைகளும், பசியில்லாத ஓய்வு நேரமும், தன் சிந்தனையை விளங்கிக்கொள்ளும் ஒருவரேனும் வேண்டும். பௌதிகம், இரசாயனம் முதலிய விஞ்ஞானங்களுக்கு இவற்றோடு கருவிகளும் மருந்துகளும் மின்சாரமும் வேண்டும். பொறியியலுக்குப் பட்டறையும் மூலப்பொருளும் வேண்டும். முதல் மூன்று முயற்சியும் உடைந்து போனால் நட்டத்தைத் தாங்கிக்கொண்டு நாலாவதுக்கு இடங்கொடுக்கும் பொறுமையும் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்று: பிறர் ஏற்கெனவே கண்டுபிடித்தது இன்னதென்று அறியும் வழி.

கதையின் மறுபக்கம்

இனி இராமானுசனின் கதைக்குத் திரும்புவோம். விழா மேடையிலே சொல்லப்படாத பகுதிகள் அதில் உண்டு. பதினைந்து, பதினாறு வயதிலே அவர் கையில் ஆங்கிலேயரான கார் என்பவர் தொகுத்த கணித நூல் ஒன்று கிடைத்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்களை அடுக்கித் தந்த அந்நூல் இரவலாக வந்தது. 1907இல் இராமசுவாமி ஐயர் என்ற உத்தியோகத்தர் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடக்கி வைத்திருந்தார். அச்சங்கத்தின் சஞ்சிகையிலேயே 1911இல் இராமானுசனின் முதலாவது கட்டுரை வெளிவந்தது. இராமச்சந்திர ராவ் என்ற கலெக்டர் மாதம் 25 ரூபா கொடுத்து உதவினார். 1912இல் சென்னைத் துறைமுகத்திலே மாதம் 30 ரூபாச் சம்பளத்தில் கிளாக்கர் வேலை கிடைத்தது. 1913இல், அவருடைய கடிதத்தைக் கண்டு கேம்பிரிட்ஜிலிருந்து ஹார்டி பதில் எழுதிய பின்னர், சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபா உதவிப்பணம் வழங்கியது. அடுத்த ஆண்டு கப்பலேறினார்.

இரவல் நூல், ஒரு சங்கம், ஒரு சஞ்சிகை, மாதம் சில பத்து ரூபா, வாசித்து விளங்கிக்கொண்ட ஒரு பேராசிரியர்: இவற்றில் ஏதேனும் ஒன்றை எடுத்துவிட்டுக் கதையைச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் சொல்வதற்குக் கதையே இராது.

இதனிலும் முக்கியமானது ஒன்றுண்டு. இந்தியாவில் இருந்தபோது இராமானுசன் கண்ட சிறந்த முடிவுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, ஐரோப்பாவிலே மற்றவர்கள் முன்னரே கண்டுவிட்டவை என்று ஹார்டி மதிப்பிட்டார். தம் நண்பர் 32 வயதில் மாண்டதைக் காட்டிலும், இருபதை ஒட்டிய அருமையான ஆண்டுகள் வழிகாட்டலின்றிக் கழிந்ததே பெரிய துயரம் என்பது அவர் கருத்து. நல்லதொரு கணித நூல்நிலையத்திலே சில மாதம் இருந்து வாசித்திருந்தால் தெரிந்திருக்கக்கூடியதைத் தன்னந்தனியாகத் திரும்பக் கண்டுபிடிப்பதில் அந்த மூளை ஆண்டுக்கணக்காகச் செலவாயிற்று.

“வசதியில்லாமல் வளர்ந்ததனால்தானே அவருக்கு அந்தத் தனித்தன்மை வந்தது?” என்று நீங்கள் கேட்கலாம். ஹார்டியும் ஒருகாலத்தில் அப்படியே எழுதினார். ஒழுங்கான படிப்புக் கிடைத்திருந்தால் இராமானுசன் சாதாரண ஐரோப்பியப் பேராசிரியரைப் போல் ஆகியிருப்பார், அது நட்டமாகவும் முடிந்திருக்கலாம் என்றார். பின்னாளில் அதே ஹார்டி, அது நகைப்புக்கிடமான வெறும் உணர்ச்சிப் பேச்சென்று தாம் முன்னர் எழுதியதைத் தாமே தள்ளிவிட்டார். அவரை நன்கறிந்தவர் சொன்ன இந்தத் தீர்ப்பை நாம் மதிக்கத்தான் வேண்டும்.

இதிலிருந்து நாம் அறிந்துகொள்ளும் உண்மை சிறியதன்று. வசதியின்மை அறிவை அணைத்துவிடுவதில்லை. தீர்ந்து போன வேலையிலேயே அந்த அறிவைத் திரும்பத் திரும்பச் செலவழிக்கச் செய்கிறது. விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால் நட்டம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நாமோ அந்த நட்டத்தையே சாதனை என்று புகழ்ந்து கொண்டிருக்கிறோம்.

கதவைத் திறந்து வைத்தவர்கள்

கணிதத்திலிருந்து விஞ்ஞானத்துக்கு வருவோம். 1876இல் கல்கத்தாவிலே மகேந்திரலால் சர்க்கார் என்ற வைத்தியர், பலரிடமும் நன்கொடை திரட்டி விஞ்ஞான வளர்ச்சிக்கென ஒரு சங்கத்தை நிறுவினார். சொற்பொழிவுகள் நடந்தன. அவர் கனவு கண்ட ஆராய்ச்சியோ அவர் காலத்தில் மலரவில்லை. 1904இல் அந்த ஏக்கத்தோடே கண்மூடினார். மூன்றாண்டு கழித்து, 1907இல், திருச்சிராப்பள்ளியிலே பிறந்த ஓர் இளைஞர் அரசாங்க நிதித் திணைக்கள உத்தியோகத்தராகக் கல்கத்தாவுக்கு வந்தார். போகும் வழியில் அச்சங்கத்தின் பெயர்ப்பலகையைக் கண்டு உள்ளே நுழைந்தார். அவரே சி. வி. இராமன். காலையிலும் மாலையிலும், கந்தோர் நேரம் போக மிஞ்சிய பொழுதை எல்லாம் அங்கே ஆராய்ச்சியிற் செலவிட்டார். 1928 பெப்ரவரி 28ஆம் திகதி அச்சங்கத்தின் ஆய்வுகூடத்திலேதான் அவர் பெயரால் வழங்கும் ஒளிவிளைவு கண்டறியப்பட்டது. 1930இல் நோபெல் பரிசு கிடைத்தது.

சர்க்கார் அந்த ஒளிவிளைவைக் கண்டுபிடித்தாரா? இல்லை. அதைப் பற்றி ஒரு வரிகூட அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் கட்டி வைத்த யன்னல் வழியாகத்தான் அந்த வெளிச்சம் உள்ளே வந்தது. துணைக்காரணத்தை ஏற்படுத்துகிறவர் அறியவேண்டிய கசப்பான நியதி இது. எவர் வருவார், எப்போது வருவார், வருவாரோ மாட்டாரோ என்று அவருக்குத் தெரியாது. தெரியாமலேதான் கதவைத் திறந்து வைக்க வேண்டும்.

சிலவேளை ஒரு மனிதரே துணைக்காரணமாக அமைவதுண்டு. சென்னை லொயோலாக் கல்லூரியிலே நெடுங்காலம் கணிதம் கற்பித்த சாள்ஸ் ராசின் அடிகளார் அத்தகையவர். பிரான்சு நாட்டு யேசு சபைக் குரு. பாரிசிலே எலி கார்த்தான் என்ற பெருங் கணித அறிஞரிடம் ஆராய்ச்சி செய்து பட்டம் பெற்றவர்; 1937இல் இந்தியாவுக்கு வந்தவர். அக்காலத்தில் நம் பகுதிக் கல்லூரிகளிலே கணிதம் என்றால் பழைய பரீட்சைக் கணக்குகளே. அவரோ ஐரோப்பாவிலே அன்று வளர்ந்து கொண்டிருந்த புதிய கணிதத்தையும் அதற்கான நூல்களையும் மாணவர் முன்னே வைத்தார். திறமையுள்ளோரை இனங்கண்டு, பம்பாயில் இருந்த தாதா ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போகத் தூண்டினார். எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்திரியும் அவ்வாறு 1953இல் அங்கே சென்றவர்கள். 1965இல் அவ்விருவரும் நிறுவிய தேற்றம் இன்றும் உலகெங்கும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. ராசின் அடிகளாரின் பெயரால் அப்படியொரு பெருந்தேற்றம் வழங்குவதில்லை. அவர் 1976இல் இறந்தார். அவருடைய தேற்றங்கள் அவருடைய மாணவர்களே.

எமது ஊரில்

இனி எமது யாழ்ப்பாணத்துக்கு வருவோம். இங்கே இத்தகையோர் இல்லாமற் போகவில்லை. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே 60க்கும் மேற்பட்ட வைத்தியர்களைப் பயிற்றினார். அவர்களிற் பலருக்குத் தமிழிலேயே கற்பித்தார். அதற்காக உடற்கூறு, இரண வைத்தியம், இரசாயனம் முதலிய துறைகளிலே தமிழ் நூல்களை ஆக்கினார். பிறரைக் கொண்டும் ஆக்குவித்தார். சொல்லும் ஒரு துணைக்காரணம் என்று உணர்ந்தவர் அவர். விளங்கும் மொழியிலே சொல் இல்லாதபோது, மாணவனின் பாதி அறிவு பொருளை அறிவதற்கு முன்னரே சொல்லோடு போராடிக் களைத்துவிடும்.

1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தமது வீட்டிலிருந்தே அயலவருக்கு நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஆஸ்பத்திரி வீதியிலே வாடகைக்கு எடுத்த ஓர் அறையில், 844 நூல்களோடு அது பொது நூல்நிலையமாயிற்று. பின்னர் அழகான பெரிய கட்டடம் எழும்ப முன்னின்று உழைத்தவர்களில் ஒருவர் புனித பத்திரிசியார் கல்லூரி அதிபராயிருந்த லோங் அடிகளார். நூல்நிலையம் எவ்வாறு அமைய வேண்டுமென்று ஆலோசனை கூறியவர் சென்னை இரங்கநாதன். இவர் முதலிலே கணித விரிவுரையாளராக இருந்து, பின்னர் 1924இல் நூலகரானவர். நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுவதற்கே என்பதைத் தமது நூலக விதிகளுள் முதலாவதாக வைத்தவரும் அவரே. 1959இல் கட்டடம் திறக்கப்பட்டது.

1981 ஜூன் முதலாந் திகதியை ஒட்டிய இரவிலே அது எரிக்கப்பட்டதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. சொற்பிறப்பு ஆராய்ச்சியிலே வாழ்நாளைச் செலவிட்ட தாவீது அடிகளார், அத்தீயைக் கண்ட அதிர்ச்சியிலே உயிர்நீத்தார். நூல்நிலையம் பின்னர் புதுப்பிக்கப்பட்டு, இன்று வாசகருக்குத் திறந்திருக்கிறது. எரிந்த நூல்களின் தொகையை எண்ணிச் சொல்லலாம். ஆனால் அந்த நூல்களைக் கொண்டு எழுதப்பட்டிருக்கக்கூடியவற்றை எவரால் எண்ண முடியும்? எழுதப்படாத நூலுக்குத் தலைப்பில்லை. பிறவாத கண்டுபிடிப்புக்குப் பெயரில்லை. துணைக்காரணத்தை அழிப்பவன் செய்யும் தீங்கு இப்படிப்பட்டது. அதற்குச் சாட்சி இல்லை; ஆகவே வழக்கும் இல்லை.

ஜாம் போத்தல் விளக்கு

1990இன் நடுப்பகுதியிலே குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் பொன்னாயிற்று, பற்றறி தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. ஜாம் போத்தலுக்குள்ளே சிறிது எண்ணெயும் பஞ்சுத் திரியும் வைத்து விளக்காக்கினோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுழற்றி, டைனமோவிலே வானொலி கேட்டோம். சில துளி பெற்றோலைக் காட்டி இயந்திரத்தை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயிலே வாகனம் ஓட்டினோம். அந்த விளக்கிலே படித்த பிள்ளைகள் பரீட்சைகளிலே திறமாகச் சித்தியடைந்தார்கள். அதைப் பெருமையோடு சொல்ல நமக்கு உரிமையுண்டு.

ஆனால், வாசகரே, அந்தப் பெருமையோடு நின்றுவிடலாமா? கும்பகோணத்திலே நடந்தது இங்கேயும் நடந்தது. சிறிது எண்ணெயிலே நெடுநேரம் எரியும் விளக்கைக் கண்டுபிடித்த அந்த மூளை, வெளிச்சத்துக்குக் கவலையில்லாத ஊரிலே இருந்திருந்தால் வேறு எதைக் கண்டுபிடித்திருக்கும்? மோட்டார் இயந்திரத்தின் குணத்தை அவ்வளவு நுட்பமாக அறிந்த தொழிலாளிக்கு ஒரு பட்டறையும் மூலப்பொருளும் கிடைத்திருந்தால்? உலகத்தார் சுவரிலே ஆளியை அழுத்திப் பெற்றுக்கொண்ட வெளிச்சத்தைப் பெறுவதற்கே எமது அறிவெல்லாம் செலவாயிற்று. பரீட்சை என்பது பிறர் கண்டதைக் கற்றுக் காட்டுவது. அதற்குப் போத்தல் விளக்குப் போதும். ஆராய்ச்சி என்பது எவரும் காணாததைக் காண்பது; அதற்கு அது போதாது.

அதனாலேதான் எமது மேதைகள் பலர் ஊரை விட்டுப் போக நேர்ந்தது. பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிலே படித்த கி. ஜெ. எலியேசர் கேம்பிரிட்ஜிலே டிராக் என்ற மாபெரும் பௌதிக அறிஞரிடம் ஆராய்ச்சி செய்தார். 1949இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியரானார். பின்னர் மலாயாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போனார். யாழ்ப்பாணத்திலே பல்கலைக்கழக வளாகம் வந்தது 1974இல். அதன் பொறியியற் பீடம் கிளிநொச்சியிலே அமைவதற்கு மேலும் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் சென்றன. இடையிலே வந்த தலைமுறைகளின் அறிவுக்குக் குறைவில்லை, சக்கரந்தான் இல்லை.

யாருடைய கடன்?

முதற் பிழையையும் மறந்துவிடலாகாது. சக்கரம் இருந்தால் மட்டும் குடம் வராது. நான் படித்த பாடசாலை ஒன்றிலே நல்ல நுணுக்குக்காட்டி ஒன்று இருந்தது. கண்ணாடி அலுமாரியிலே, பூட்டுக்குள்ளே, வெல்வெற்றுத் துணி போர்த்தபடி இருந்தது. வித்தியாதரிசி வரும் நாளிலே அதைத் துடைத்து மேசையில் வைப்பார்கள். அவர் போனதும் அது திரும்பவும் அலுமாரிக்குள்ளே போய்விடும். அதைக் காத்த ஆசிரியர் கெட்டவரல்லர். உடைந்தால் தமது சம்பளத்திலே பிடிப்பார்கள் என்று பயந்தவர். ஆறு வருடத்திலே ஒரு முறையேனும் நான் அதனூடாகப் பார்த்ததில்லை. அது என் வாழ்க்கையிலே துணைக்காரணமாக இருக்கவில்லை, தளபாடமாகவே இருந்தது. எனவே பொருள் இருப்பது மட்டும் போதாது. அது திறந்திருக்கவும் வேண்டும். உடைந்தால் பொறுத்துக்கொள்ளும் மனமும் பக்கத்தில் நிற்க வேண்டும்.

ஆகவே எனது முடிவு இதுதான். துணைக்காரணம் எதையும் ஆக்குவதில்லை, ஆக்குகிறவனை ஆக்கவிடுகிறது. அதைக் கொடுப்பதைத் தருமம் என்று அழைக்கிறோம். தருமம் என்றால் கொடுத்தால் புண்ணியம், கொடாவிட்டாற் குற்றமில்லை என்றாகும். நான் அதை நீதி என்பேன். பிள்ளையின் அறிவு நாம் கொடுத்ததன்று. அதன் வழியிலே யன்னலைப் பூட்டி வைக்க நமக்கு உரிமையுமில்லை. பூட்டிய யன்னலுக்கு உள்ளே இருந்து ஒருவன் எப்படியோ படித்து முன்னேறினால், அது அவன் பெருமை. பூட்டியவரின் நியாயம் அன்று.

இதை எல்லாம் அரசாங்கந்தான் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு நாம் ஒதுங்கவும் முடியாது. அரசுக்குக் கடமையுண்டு, அதைக் கேட்க வேண்டும், விடாமற் கேட்க வேண்டும். ஆனால் செல்லப்பா தமது வீட்டுக் கதவைத் திறந்தபோது அரசு அவரை அழைக்கவில்லை. கோயில் திருவிழாவுக்கும் கலியாண மண்டபத்துக்கும் வெளிநாட்டிலிருந்து தாராளமாகப் பணம் அனுப்பும் எமது உறவினர், தாம் படித்த பாடசாலையின் ஆய்வுகூடத்துக்கு ஒரு பரிசோதனைக் குழாய்ப் பெட்டியாவது அனுப்புகிறார்களா? அனுப்பினால் அதைப் பிள்ளைகள் கையிலே கொடுக்கிறோமா, அலுமாரியிலே வைக்கிறோமா? வீட்டிலே படிக்கிற பிள்ளைக்கு இரண்டு மணி நேரம் தொந்தரவில்லாத ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறோமா?

அடுத்த பரிசளிப்பு விழாவிலே கற்பலகைக் கதையைக் கேட்கும்போது நாம் கைதட்டுவோம், தட்ட வேண்டியதுதான். தட்டி முடிந்ததும் அதிபரிடம் போய், “சேர், உங்கள் ஆய்வுகூடத்துத் திறப்பு யாரிடம் இருக்கிறது?” என்று ஒரு கேள்வி கேட்போம்.